கம்பி எண்ணிய கதை

எங்கள் தாத்தா நிலம் நீச்சு என்று எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. வைத்துவிட்டுப் போனது இரண்டு முன்பற்கள். அவருடைய பற்களை அல்ல, அந்த மாடலை! வாயை மூடினாலும் திண்ணையில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கிற ரகம். தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்தது. அப்பா அதைப் பற்றிக் கொஞ்சமும் அலட்டிக்கொண்டதில்லை. மூன்று வீடு தள்ளிக் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சிரிப்பார். அவரிடமிருந்து பாகப்பிரிவினை வழக்கு ஏதுமில்லாமல் முழுசாக எனக்கே வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் எனக்கு 'தேங்காய்த்துருவி' என்று பெயர். ஆறாம் வகுப்பிலேயே இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் தெரியும். எல்லாப் படத்திலும் மாப்பிள்ளை ஏதோ ரகசியம் கேட்டுத் திடுக்கிட்ட மாதிரி வாயில் கையோடு நிற்பார். தாலி கட்டுகிற போட்டோ ஒன்றில் மட்டும்தான் பல் தெரியும். அதற்கு இரண்டு கையும் தேவைப்பட்டுவிட்டது.

விஷயம் என்னோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். போன வருஷம் மைத்துனர் வீட்டுக் கல்யாண ஆல்பம் வந்தது. ஆல்பம் பார்ப்பதில் எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. யார் யார் வந்தார்கள் என்பதை அம்மா பார்ப்பாள், யார் என்ன புடவை என்பதை மனைவி பார்ப்பாள், சாப்பாட்டுப் பந்தியில் நான் எத்தனை படத்தில் இருக்கிறேன் என்பதை மகள் எண்ணுவாள். அன்றைக்கு நான் வேறொன்றை எண்ண ஆரம்பித்துவிட்டேன். மகள் இருந்த படங்கள் மொத்தம் 23. பதினெட்டில் உதட்டை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். மீதி ஐந்தில் சிரிக்கிறாள். வாயில் கை. அதுவும் இடது கை.

"என்னம்மா, எல்லாத்திலயும் இப்படி உம்முனு இருக்கே?" என்றேன்.

"சும்மாதாம்ப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண் "சும்மாதாம்ப்பா" என்று சொன்னால் அது சும்மா இல்லை என்று எனக்கே தெரியும்.

அன்று ராத்திரி வீட்டில் மாநாடு.

"தெத்துப் பல் அதிர்ஷ்டம்டா. அதைப் போய் யாராவது சரி பண்ணுவாங்களா?" என்றாள் அம்மா. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அந்த அதிர்ஷ்டம் எப்போது வரும் என்று காத்திருக்கிறோம் என்பதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன்.

மைத்துனர் போனில் வந்தார். "மாமா, இப்ப யாரு கம்பி போடறா? ஆன்லைன்ல ஆர்டர் பண்ணினா மாவு மாதிரி ஒண்ணு வரும். கடிச்சு அனுப்பினா போதும், கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் செட் வீடு தேடி வரும்" என்றார். பீட்ஸா மாதிரி பேசினார். பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அமெரிக்காவில் இப்படித் தபாலிலேயே பல்லைச் சீர்செய்து தருவதாகச் சொன்ன பெரிய கம்பெனி ஒன்று 2023 டிசம்பரில் ஒரே நாளில் கடையை மூடிவிட்டதாம். பல் பாதி வழியில் நிற்கிறவர்கள் யாரைப் போய்க் கேட்பது?

"வாயைக் காட்டாம வைத்தியம் எதுவும் வேண்டாங்க. டாக்டர்கிட்டயே போவோம்" என்றாள் மனைவி. எங்கள் வீட்டில் கடைசித் தீர்ப்பு எப்போதும் அவளுடையதுதான். மேல்முறையீடு கிடையாது.

பல் டாக்டர் என்றால் எல்லோரும் கம்பி போட்டுவிட முடியாது. பி.டி.எஸ். முடித்து, அதற்கு மேல் மூன்று வருஷம் இதற்கென்றே எம்.டி.எஸ். படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆர்த்தோடான்டிஸ்ட் என்று பெயர். சொல்லிப் பார்த்தாலே பல் ஆடுகிறது. நாங்கள் போனது அப்படி ஒரு பெண் டாக்டரிடம். மண்டையைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டினார். பேத்தியின் மண்டை ஓட்டைப் பார்த்து அம்மா "முருகா!" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"தாடையெல்லாம் நல்லா வளர்ந்திருக்கு. மேல்பல்லுதான் முன்னாடி வந்திருக்கு, 7 மில்லிமீட்டர். இது கிளாஸ் டூ" என்றார் டாக்டர்.

"எங்க குடும்பத்துல எல்லாரும் ஃபர்ஸ்ட் கிளாஸ்தாம்மா" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

டாக்டர் சிரித்துவிட்டார். எட்வர்ட் ஆங்கிள் என்கிற அமெரிக்கர் 1899-ல் பிரித்து வைத்த வகுப்புகளாம் அவை. அதில் ஒன்று, இரண்டு, மூன்றெல்லாம் மேல்வரிசையும் கீழ்வரிசையும் எப்படிப் பொருந்துகின்றன என்பதற்குத்தானே தவிர, மார்க்குக்கு இல்லை.

"இதை அழகுக்குன்னு மட்டும் நினைக்காதீங்க சார். பல் இவ்வளவு முன்னாடி இருக்கிற பசங்க சைக்கிள்ல இருந்து விழுந்தா, முதல்ல அடிபடறது அதுதான். உடைஞ்ச பல் திரும்ப வளராது" என்றார். நான் நாக்கால் என் இடது முன்பல்லின் உடைந்த மூலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். எட்டாம் வகுப்பு, கபடி.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். எலும்பில் புதைந்த பல் எப்படி நகரும்? கேட்டேன்.

"பல் சுவத்துல அடிச்ச ஆணி இல்ல சார். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு நார்த்திசு இருக்கு. கம்பி ஒரு பக்கமா அழுத்தும்போது, முன்னால இருக்கிற எலும்பை சில செல்கள் கரைக்கும். பின்னால காலியாகிற இடத்துல வேற சில செல்கள் புது எலும்பு கட்டும். மாசத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தா நல்ல வேகம். அவசரப்பட்டு ஜாஸ்தி அழுத்தினா வேருக்குத்தான் ஆபத்து."

முன்னால் இடிப்பது, பின்னால் கட்டுவது. எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலை நடக்கிறபோது இடிப்பது மட்டும்தான் நடந்தது. உடம்பு மாநகராட்சியைவிடத் தேவலை.

அப்புறம் டாக்டர் ஒரு டிரேயை எடுத்து வைத்தார். ஜவுளிக்கடையில் புடவை விரித்துப் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட ஆரம்பித்தார். நானும் புடவைக் கடைக் கணவன் மாதிரி விலையைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் ரகம், நமக்கெல்லாம் தெரிந்த ஸ்டீல் கிளிப். ஒவ்வொரு பல்லிலும் சின்ன உலோகத் துண்டு ஒட்டி, நடுவில் கம்பி ஓட்டி, குட்டி ரப்பர் வளையத்தால் கட்டுவது. இதன் பூர்வீகம் பழசு. 1728-லேயே பியர் ஃபோஷார் என்கிற பிரெஞ்சு வைத்தியர், துளை போட்ட உலோகப் பட்டையைப் பல்லோடு நூலால் கட்டுகிற வித்தையைப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். இப்போது ஆரம்பத்தில் போடுகிற கம்பி நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்தது. அமெரிக்கக் கப்பல்படை ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்து, 1970-களில் பல் வைத்தியத்துக்கு வந்தது. எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். அந்தப் பிடிவாதம்தான் பல்லை இழுத்துக்கொண்டு வருகிறது. இதற்கு எங்கள் டாக்டர் சொன்ன கணக்கு 35 ஆயிரம் ரூபாய்.

இரண்டாவது, செராமிக். பல் நிறத்திலேயே இருக்கும், தூரத்திலிருந்து தெரியாது. இதில் ஒரு வகை 1987-ல் வந்தது. வெப்பத்தைத் தேடும் ஏவுகணைக் கருவிகளின் ஆண்டெனாவைப் பாதுகாக்க உருவான பொருளாம். "பல்லுக்கு எதுக்குடா ராக்கெட்டு?" என்றாள் அம்மா. 50 ஆயிரம். கொஞ்சம் பருமனாக இருக்கும், உரசல் அதிகம், ஸ்டீலைவிடச் சுலபமாக உடையும். எதிர்ப் பல்லில் பட்டால் அதைத் தேய்த்துவிடும் என்பதால் பல பேருக்குக் கீழ்வரிசையில் ஸ்டீலே போட்டுவிடுவார்களாம்.

"இன்னொரு விஷயம். செராமிக் துண்டு மஞ்சளாகாது. ஆனா அதைக் கட்டற ரப்பர் வளையம் ஆகும். உங்க வீட்டுல சாம்பார், ரசம்..."

"தினமும் உண்டு" என்றேன்.

"அப்ப மூணாம் நாளே மஞ்சள் தெரியும்."

மஞ்சளில் அம்மா கை தாராளம். 15 ஆயிரம் கூடக் கொடுத்து வாயில் தோரணம் கட்டுவானேன்?

மூன்றாவது, ரப்பரே வேண்டாத வகை. துண்டிலேயே குட்டிக் கதவு இருக்கும். கம்பியை வைத்துக் கதவைச் சாத்திவிடலாம். "இது சீக்கிரம் முடியும்னு விளம்பரத்துல சொல்வாங்க. ஆராய்ச்சி முடிவுகளைப் பார்த்தா அப்படிப் பெரிசா வித்தியாசம் எதுவும் இல்ல" என்று டாக்டரே சொல்லிவிட்டார். தன் கடைச் சரக்கைத் தானே குறை சொல்கிறவரைப் பார்த்து எனக்கு மரியாதை கூடிவிட்டது.

நான்காவது, பல்லின் உள்பக்கம் ஒட்டுவது. வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. 1970-களில் ஜப்பானில் ஃபுஜிதா என்கிற டாக்டர், கராத்தே மாதிரி சண்டைக் கலை பழகுகிறவர்களுக்கு அடிபடும்போது உதடு கிழியக்கூடாதே என்று யோசித்தது. எனக்குக் காது நிமிர்ந்தது. யாருக்கும் தெரியாது! ஒன்றரை லட்சம். நாக்கு உரசிப் புண்ணாகும், கொஞ்ச நாள் பேச்சு குழறும் என்றார். குழறட்டுமே, தெரியாதல்லவா?

ஐந்தாவது, மைத்துனர் சொன்ன பிளாஸ்டிக். அலைனர் என்று பெயர். 1997-ல் கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டில் படித்த இரண்டு பேர் ஆரம்பித்த வியாபாரம். இருவருமே பல் டாக்டர்கள் இல்லை என்பது விசேஷம். பல்லை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கட்டமாக நகர்த்திப் பார்த்து, கட்டத்துக்கு ஒன்று என்று வரிசையாகக் கண்ணாடி மாதிரி உறை செய்து தருவார்கள். ஒரு வாரமோ இரண்டு வாரமோ போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். சாப்பிடும்போது கழற்றிக்கொள்ளலாம். இரண்டு லட்சம்.

நான் மனசுக்குள் பி.எஃப். கணக்கைப் போட்டுவிட்டேன். "டாக்டர், உள்பக்கமோ பிளாஸ்டிக்கோ, தெரியாத மாதிரி ஏதாவது ஒண்ணு போட்டுடுங்க. ஸ்கூல்ல பசங்க கிண்டல் பண்ணக் கூடாது. பணத்தைப் பத்திப் பரவாயில்ல" என்றேன். பணத்தைப் பற்றிப் பரவாயில்லை என்று நான் சொல்லி மனைவி கேட்டது அதுதான் முதல் தடவை. என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை. மகளைப் பார்த்தார். "அலைனர் ஒரு நாளைக்கு 22 மணி நேரம் வாயில இருக்கணும். சாப்பிடக் கழட்டினா உடனே பல் தேய்ச்சு மறுபடி போடணும். உன்னால முடியுமாம்மா?"

மகள் யோசித்தாள். "இந்த வருஷம் நான் தொலைச்சது மூணு வாட்டர் பாட்டில், ரெண்டு குடை, ஒரு ஜாமெட்ரி பாக்ஸ்" என்றாள்.

"ஒரு செருப்பும்" என்றாள் மனைவி. "ஒத்தைச் செருப்பு."

"டிஷ்யூல சுத்தி டிபன் பாக்ஸ் பக்கத்துல வெப்பேன். குப்பைன்னு யாராவது போட்டுடுவாங்க. எனக்கு ஸ்டீல் போதும் டாக்டர். ஊதா கலர் ரப்பர் இருக்கா?"

"இல்லம்மா, வெளியில தெரியுமே..." என்று ஆரம்பித்தேன்.

"தெரிஞ்சா என்னப்பா? எங்க கிளாஸ்ல ஏழு பேர் கிளிப் போட்டிருக்காங்க. யாரும் கிண்டல் பண்றதில்ல. என் பல்லையும் யாரும் கிண்டல் பண்ணினதில்ல."

"அப்புறம் ஏன் கையை வெச்சு மறைக்கிறே?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க மறைப்பீங்களேப்பா. எனக்கும் அதே பல்லுதானே? சின்னதுலேர்ந்து பார்த்துப் பார்த்து, இதை மறைக்கணும் போலிருக்குன்னு நினைச்சேன்."

அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். மனைவி டிரேயைப் பார்த்தாள். நான் எதையும் பார்க்கவில்லை. பல்லைத்தான் பரம்பரையாகக் கொடுத்தேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கையையும் நான்தான் கொடுத்திருக்கிறேன்.

ஸ்டீல் கிளிப் என்று முடிவாயிற்று. பல் பின்னால் போக இடம் வேண்டுமே, அதற்காக மேலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பல்லை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். "சொத்தையில்லாத நல்ல பல்லையா?" என்று அம்மா வாசல் வரை எழுந்து போய்விட்டாள். பஸ்ஸில் ஆளை இறக்கினால்தானே மற்றவர்கள் நகர்ந்து உட்காரலாம் என்று சமாதானம் சொல்லி அழைத்து வந்தோம்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 35 ஆயிரமே பெரிய தொகை என்கிறவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். சென்னையில் 1953-லிருந்து அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயும் கம்பி போடுகிறார்கள், செலவு குறைவு. காத்திருக்கப் பொறுமை மட்டும் வேண்டும். எங்கே போனாலும் போடுகிறவர் இதற்கென்று படித்தவரா, எக்ஸ்ரே எடுத்தாரா, எத்தனை மாதம் என்று சொன்னாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ரகம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். விலை ஏற ஏறப் பல் நன்றாக நகரும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. எது வாயில் இருக்குமோ, எதை ஒழுங்காகத் தேய்ப்போமோ, அதுதான் நல்ல ரகம்.

முதல் வாரம் கஷ்டம்தான். தயிர் சாதம், இட்லி, மறுபடி தயிர் சாதம். கம்பி குத்துகிற இடத்தில் வைக்க ஒரு மெழுகு தந்தார்கள். ராத்திரி வலிக்கிறது என்று அழுதாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் மாதம் யாருக்கும் தெரியாமல் கடலை மிட்டாய் சாப்பிட்டதில் ஒரு துண்டு கழன்று கையோடு வந்தது. கடலை மிட்டாய் தெரியாமல் போனாலும் கிளிப் காட்டிக்கொடுத்துவிட்டது. தீபாவளிக்கு முறுக்கு, தட்டை, சீடை எதற்கும் அனுமதியில்லை. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு பங்கு முறுக்கைத் தனியாக எடுத்து உரலில் இடித்துப் பொடியாக்கிக் கிண்ணத்தில் போட்டு ஸ்பூனோடு கொடுத்தாள். நல்ல பல்லைப் பிடுங்குகிறார்களே என்று வெளிநடப்பு செய்த அதே அம்மா!

இப்போது எட்டு மாதம் ஆகிறது. மாதம் ஒரு முறை டாக்டரைப் பார்த்துக் கம்பியை மாற்றி, ரப்பரின் நிறத்தையும் மாற்றிக்கொண்டு வருகிறாள். ஊதா, பச்சை, நீலம் என்று போய்க்கொண்டிருக்கிறது. இடைவெளி பாதி மூடிவிட்டது. இன்னும் ஒரு வருஷம். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. கம்பியை எடுத்ததும் ரிட்டெய்னர் என்று ஒன்று போட வேண்டும், இல்லையென்றால் பல் பழைய வீட்டைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடும். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன். "பல் நேரா இருக்கணும்னு நினைக்கிற வரைக்கும்" என்றார் டாக்டர். ஈ.எம்.ஐ. தெரியும். கடைசித் தவணையே இல்லாத ஈ.எம்.ஐ.யை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

போன தடவை போனபோது டாக்டர் என்னைப் பார்த்து, "ஈறும் எலும்பும் நல்லா இருந்தா எந்த வயசுலயும் கம்பி போடலாம் சார். நீங்க யோசிக்கலையா?" என்றார். எனக்கு 52. ஒரே வீட்டில் இரண்டு பேர் கம்பி எண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கையை இறக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். 40 வருஷப் பழக்கம், அதற்கு எந்த டாக்டரிடமும் கம்பி இல்லை.

பொங்கலன்று மனைவி போனில் எங்களை நிறுத்திப் படம் எடுத்தாள். "சிரிங்க" என்றாள். என் இடது கை தானாகக் கிளம்பியது. பாதி வழியில் மகள் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். விடவேயில்லை. அவள் வாயில் பச்சை ரப்பர் பளபளவென்று தெரிய, பக்கத்தில் நான் தேங்காய்த்துருவியோடு.

அம்மா போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"டேய், அப்படியே உங்க அப்பாடா" என்றாள்.

பல்லைச் சொன்னாளா, சிரிப்பைச் சொன்னாளா? நான் கேட்டுக்கொள்ளவில்லை.